அரை மைல் கம்பி

“தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. முள்ளு நாலுல நிக்குதே சார்?”

“அங்கதான் நிக்கணும் அண்ணே. நாலுன்னா தொட்டி காலி. இருபதுன்னா ரொம்பிடுச்சு. சைபருக்குப் போச்சுன்னா கம்பி அறுந்துடுச்சுன்னு அர்த்தம்.”

அப்பாவு சிரித்தார். “பட்டினி கெடக்கறவனுக்கும் செத்தவனுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச மீட்டரு!”

மரக்காணம் உப்பளத்தின் பம்ப் கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். கம்பி இழுக்க ஆள் வேண்டுமென்று மேனேஜரிடம் சொல்லி அப்பாவுவை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். பங்குனி வரை இந்தப் பம்பை ஓட்டியவர் அவர். கடல்தண்ணீர்த் தொட்டி அரை மைலுக்கு அப்பால். அதிலுள்ள மிதவை ஏறினால் மின்னழுத்தம் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த அழுத்தத்தை அப்படியே கம்பியில் கொட்டகை மீட்டருக்கு அனுப்பினால் போதும் என்று நினைத்தது, அதை அமைத்த என் தவறு. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்தன. அழுத்தம் வழியிலேயே தேய்ந்தது. நிரம்பிய தொட்டியைப் பாதி என்று மீட்டர் காட்ட, அதை நம்பி அவர் பம்பை ஓடவிட்டார். வழிந்த தண்ணீரில், வாருவதற்குத் தயாராக இருந்த இரண்டு பாத்தி உப்பு கரைந்துபோனது. அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தூங்கிவிட்டார் என்றார் மேனேஜர். அன்றிலிருந்து அவர் உப்பு சுமக்கிறார். நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்; மீட்டர் மேல் தப்பிருக்கலாம் என்று சொல்லத் துணியவில்லை.

இப்போது தொட்டியருகே ஒரு சிறு பெட்டி வைத்திருக்கிறேன். அழுத்தத்தை வாங்கி அதற்கேற்ற மின்னோட்டமாக அது மாற்றும். கம்பி முரண்டு பிடித்தால் பெட்டி இன்னும் அழுத்தித் தள்ளும். ஒரு முனையில் நுழைந்த ஓட்டம் மறுமுனையில் அதே அளவில் வந்தாக வேண்டும்.

பம்பைப் போட்டோம். வெயில் சாய்வதற்குள் தொட்டி நிரம்பியது. முள் இருபதில் நின்றது. சந்தோஷத்தில் நான், கொட்டகைக்குள் வரும் கம்பியின் இடையே, பச்சை பூத்த இணைப்பைப் போல ஒரு மின்தடையைச் சேர்த்தேன். முள் அசையவில்லை.

“பாத்தீங்களா? பழைய மீட்டரா இருந்தா இந்நேரம் பாதிதான் காட்டியிருக்கும்!”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. துண்டால் கை துடைத்துக்கொண்டிருந்த அப்பாவு நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. சுமையை இறக்கி வைத்தவரைப் போல மூச்சு விட்டார்.

“அப்போ நான் தூங்கலைங்களே சார்.”

வெளியே, வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஜீப் வந்துகொண்டிருந்தது.

“மேனேஜர் வர்றாரு,” என்றார். “இப்ப செஞ்சீங்களே, அத அவருக்கும் ஒருவாட்டி செஞ்சு காட்றீங்களா சார்?”