அப்பா கூப்பிட்ட பேர்

எங்க காலேஜ்ல வேலைவாய்ப்பு மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க. கம்ப்யூட்டர் படிக்கிறவங்களுக்குக் கம்பெனிகளைக் கூட்டிட்டு வருவாங்க. இலக்கியம் படிக்கிற எங்களுக்கு அட்வைஸை மட்டும் கொண்டுவருவாங்க. கடைசி வருஷம் தொடங்கினதுமே எங்க வகுப்புக்கு வந்து, உங்க கையில தொழில் கிடையாது, உங்க கதைதான் உங்க சரக்கு, ஏன் இதைப் படிச்சீங்கன்னு கேட்டா கேட்கிறவங்க மறக்காத மாதிரி சொல்லத் தெரியணும்னு போட்டு உடைச்சுட்டாங்க. இலக்கியம் படிச்சது பத்தாதுன்னு இனிமே நாங்களே இலக்கியமா வேற ஆகணுமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதுக்கு ஒரு பயிற்சியும் வெச்சிருந்தாங்க. ஜோடி ஜோடியா உட்காரணும். உன் கதையை நீ சொல்லக் கூடாது. உன் ஜோடி அதை 'நான்'னு போட்டுச் சொல்லணும், நீ எதிர்ல இருந்து கேட்டுத் திருத்தணும். அடுத்தவ வாயால கேட்டாத்தான் நம்ம கதை எங்க சப்புன்னு இருக்குன்னு தெரியுமாம்.

என் ஜோடி ரேடியோ. வாய் ஓயாததால வகுப்பு வெச்ச பேரு. நான் நேர்மாறு, நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தா தொண்டை அடைச்சுக்கும். முதல் வருஷத்துலேர்ந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. கூடப்பிறந்தவ இருந்திருந்தாக்கூட அப்படி ஒட்டியிருக்க மாட்டா.

என் கதை இதுதான். அப்பா கோர்ட்ல பேர் கூப்பிடுற வேலை பார்த்தார். வராந்தாவுல நின்னு அவர் கூப்பிட்டா, எதிர் டீக்கடையில இருக்கிறவன் கிளாஸை அப்படியே வெச்சுட்டு ஓடி வருவான். நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிடுச்சு. புத்திக்கு ஒண்ணும் ஆகலை. இடது கையால கட்டில் சட்டத்துல தட்டுவார்: ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்லை. காலையில பேப்பரைச் சத்தமா வாசிப்பேன். வாக்கியம் கோணல்மாணலா இருந்தா ரெண்டு தட்டு விழும். அதை உடைச்சு, மாத்தி, நேராக்கிச் சொன்னா ஒரு தட்டு. எழுதறதுன்னா என்னன்னு அந்தக் கட்டில் ஓரத்துலதான் எனக்குப் புரிஞ்சுது. அதனால இலக்கியம் எடுத்தேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறலை. துணிக்கடையில பில் போடுறவ அவ. படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், முதலாளிகிட்ட எனக்கும் ஒரு நாற்காலி சொல்லி வெச்சுட்டா. பரீட்சை முடியிறதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைன்னா பில் மிஷின்தான் கதி.

அப்பதான் பள்ளிப் பாடப் புத்தகம் போடுற ஒரு பதிப்பகம் உதவி ஆசிரியர் வேலைக்கு ஆள் கேட்டுது. ஒரே ஒரு இடம். பெரியவங்க எழுதினதைக் குழந்தைங்களுக்கு விளங்குற மாதிரி நேராக்கித் தரணும். அப்பா கட்டிலோரத்துல நான் மூணு வருஷமா வேற என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? ரேடியோவும் விண்ணப்பிச்சா. அவளுக்கு டி.வி.யில செய்தி வாசிக்கத்தான் ஆசை. சும்மா ஒரு பழக்கத்துக்கு வரேண்டின்னு சொன்னா.

ஆனா அப்பாவைப் பத்தி வெளியில சொல்றதுக்கு அப்பாகிட்ட கேட்க வேணாமா? யாராவது பார்க்க வந்தாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குற மனுஷன். கோணின வாயை அக்கம்பக்கம்கூட பார்க்கக் கூடாது. நான் கேட்டதும் திரும்பிப் படுத்துட்டார். ரெண்டு நாள் என் முகத்தையே பார்க்கலை. மூணாம் நாள் நான் ஷேவ் பண்ணிவிட்டுக்கிட்டிருக்கும்போது, சோப்பு நுரையோட, என் மணிக்கட்டுல ஒரு தட்டு தட்டினார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

பயிற்சியில ரேடியோ என் கதையை என்னமா சொல்லுவா தெரியுமா. எங்க நிறுத்தணும், எங்க குரலைத் தாழ்த்தணும், எல்லாம் அத்துப்படி. நான் சொன்னா அழுகை முட்டும், பாதியில நின்னுடும். அதனால அவ சொல்லச் சொல்ல நான் கேட்டு மனப்பாடம் பண்ணினேன். ஒரு இடத்துல மட்டும் சண்டை. கடைசியில அவளா ஒண்ணு சேர்த்துக்கிட்டா: ஒருநாள் பேப்பர் வாசிக்கும்போது அப்பா என் பேரைக் கூப்பிட்டார்னு.

"அது நடக்கவே இல்லைடி"ன்னேன்.

"நடந்தா நல்லாருக்கும்ல?"ன்னா.

நல்லாத்தான் இருக்கும். அதுக்காக? அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன்னு கறாராச் சொல்லிட்டேன்.

நேர்காணல் அன்னிக்கு அவளை முதல்ல கூப்பிட்டாங்க, அடுத்து நான். உள்ள மூணு பேர். நடுவுல இருந்த ஒரு அம்மா கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க.

"தப்பா நினைச்சுக்காதம்மா, இப்பப் போன பொண்ணு அவங்க அப்பாவைப் பத்திச் சொன்னா. பேச்சே போன மனுஷன் கடைசியில பெத்த பொண்ணு பேரைக் கூப்பிட்டாராம். சரி, நீ சொல்லு, ஏன் இலக்கியம் எடுத்தே?"

அது என் அப்பான்னு சொல்லலாம். யார் நம்புவா? ஒரே காலேஜ்லேர்ந்து வந்த ரெண்டாவது பொண்ணு அதே கதையைச் சொன்னா நான்தானே திருடி. "மார்க் கம்மி மேடம், வேற எதுவும் கிடைக்கலை"ன்னு என் வாயிலேர்ந்து வந்துச்சு. அதுவும் பொய். மார்க் நல்ல மார்க்.

மத்தியானத்துக்கு மேல ஒருத்தர் வெளியில வந்து ஒரு பேரைக் கூப்பிட்டார். என் பேரு இல்லை.

பஸ் ஸ்டாப்புல ரேடியோ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "வேணும்னு பண்ணலைடி. கேட்டதும் அதுதான் வாயில வந்துச்சு. எனக்குன்னு சொல்ல என்னடி இருக்கு? எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க."

அது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரியுது. வேலை வேணாம்னு சொல்லிடறேண்டின்னா. சொல்லட்டும்னு நின்னேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். அவ சொல்லலை.

வீட்டுக்கு வந்தப்ப அம்மா கடையிலேர்ந்து இன்னும் வரலை. அப்பா தலையணையில சாய்ஞ்சு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே வேலை இல்லைன்னு புரிஞ்சுடுச்சு அவருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு இடது கையைத் தன் நெஞ்சுல வெச்சுப் புருவத்தைத் தூக்கினார். என்னைப் பத்திச் சொன்னியான்னு கேட்குறார்.

இல்லைன்னு எப்படிச் சொல்றது? அந்த ஒரு தட்டுக்கு அவர் என்ன பாடு பட்டார்னு எனக்குத்தானே தெரியும். "சொன்னேன்பா. கேட்ட ஒரு அம்மா அழுதுட்டாங்க"ன்னேன்.

அப்பா முகம் மலர்ந்துடுச்சு. என் வாயைக் காட்டினார், அப்புறம் தன் காதைக் காட்டினார். எனக்கும் சொல்லுன்னு அர்த்தம்.

கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சேன். எங்கயும் திக்கலை, தொண்டை அடைக்கலை. கோர்ட் வராந்தா, டீக்கடை, கட்டில் சட்டம் எல்லாம் கடகடன்னு வந்துச்சு. அத்தனையும் ரேடியோவோட வார்த்தை, அவ நிறுத்தின இடத்துல நானும் நிறுத்தினேன். என் அப்பாவைப் பத்தி என் அப்பாகிட்ட சொல்ல எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் இல்லை. அந்த ஓட்டத்துல கடைசி வரியும் வாயைவிட்டு வந்துடுச்சு. ஒருநாள் பேப்பர் வாசிக்கும்போது அப்பா என் பேரைக் கூப்பிட்டார்.

ரெண்டு தட்டு விழும்னு பார்த்தேன், விழலை. கண்ணைத் திறந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் இடது கையால கட்டில் சட்டத்தைப் பிடிச்சு, உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தி, வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைச்சுது. வெறும் காத்துதான் வந்துச்சு. மறுபடியும் முயற்சி பண்ணினார்.

"போதும்பா, அது சும்மா கதைக்குப்பா"ன்னேன்.

அவர் கேட்கலை. வாய் ஓரத்துல வழிஞ்சதைத் துடைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டுட்டு மறுபடியும் வாயைத் திறந்தார்.