ஆறு பத்துக்குப் போன அழைப்பு

ஒன்றியச் செயலாளர் பேயாண்டி வெட்டிக் கொல்லப்பட்டு எட்டு வருடமாகிறது. வெட்டிய நால்வரும் சிறையில் இருக்கிறார்கள். வெட்டச் சொன்னது யார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. குவாரிக்காரர்கள் என்றது ஒரு டீக்கடை, சொந்தக் கட்சிக்காரர்கள்தான் என்றது எதிர்க்கடை. ஒத்தக்கடை முத்திருளனுக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. காட்டிக்கொடுத்தது அசோக்குமார்.

பதினெட்டு வருடம் பேயாண்டிக்குக் கார் ஓட்டியவர் முத்திருளன். கியர் இல்லாத புது வண்டி வந்த வாரத்தில், மேலூர்க் கூட்டத்துக்குக் கிளம்பும்போது தலைவர் சாவியைத் தூக்கி நேற்று வந்த அசோக்குமாரிடம் கொடுத்துவிட்டார். முத்திருளன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். திரும்பி வரும்போது ஒத்தக்கடையைத் தாண்டிய சிக்னலில் தலைவர் கதை முடிந்தது. அசோக்குமாருக்கு இடது கையில் ஒரே ஒரு வெட்டு. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் வாழ்ந்த வாழ்வைக் கேட்கவேண்டுமா? நினைவு நாளில் முதல் மாலை அவன் போடுவான். 'கடைசிவரை கூட இருந்தவர்' என்று மேடையில் சொல்வார்கள். முத்திருளன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்ட வேண்டும்.

இதை வயிற்றெரிச்சல் என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆதாரம் இருக்கிறது என்பார். விவரமான டிரைவர் முன்வண்டியின் டயர் தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்துவான், இவன் லாரியை ஒட்டி நிறுத்தி, ஒடித்துத் திருப்ப வழியில்லாமல் செய்தான். தலைவருக்குப் பதினாறு வெட்டு, இவனுக்கு ஒன்று. புதிதாக ஓட்டுகிறவன் அப்படித்தான் நிறுத்துவான் என்று மனைவி செல்லத்தாய் சொல்லிப் பார்த்தாள். எத்தனை வெட்டு வாங்கியிருந்தால் அவனை நம்புவீர்கள் என்றும் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் போன் இருந்தது. அன்று மாலை ஆறு பத்துக்கு மேலூரிலிருந்து அசோக்குமார் யாருடனோ இருபது விநாடி பேசியிருக்கிறான். யாரிடம் என்று கோர்ட்டில் கேட்டதற்கு, "ஞாபகம் இல்லை" என்றான். அத்தோடு விட்டுவிட்டார்கள். தலைவர் செத்த நாளில் பேசிய பேச்சு எவனுக்காவது மறக்குமா?

வக்கீலிடம் ஒரு வருடம் நடையாக நடந்து வழக்கு நகலை வாங்கினார். மறுநாள் யூடியூப்காரர்கள் பேட்டிக்கு வருவதாக இருந்தது. அசோக்குமாரைப் பெயர் சொல்லியே கிழிப்பது என்று முடிவு செய்திருந்தார். அதிலிருந்த போன் பட்டியலில் ஆறு பத்து என்ற வரியைக் கண்டுபிடித்து, எதிரே இருந்த எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். எடுப்பவன் குரலைக் கேட்டாலே கூலிப்படையின் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று போனைக் காதில் வைத்தார்.

அடுப்படியில் செல்லத்தாயின் போன் அடித்தது.

முத்திருளன் நிறுத்தினார். அதுவும் நின்றது. எப்போதும் பெயரைத் தொட்டே கூப்பிட்டுப் பழகியவருக்கு அவள் எண் மனப்பாடமில்லை. மறுபடி அழுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்த செல்லத்தாய், விரிந்துகிடந்த காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"அசோக்கு தம்பிதான் பேசுச்சு" என்றாள். "நீங்க போன அமத்திப்புட்டீகன்னு எனக்குப் போட்டுச்சு. வார வழியில ஒத்தக்கடையில நீங்க ஏறி வண்டிய எடுக்கணும்னு தலைவரு சொல்றாருன்னுச்சு. கட்சிக்காரக யாரு கூப்பிட்டாலும் காய்ச்சல்னு சொல்லச் சொன்னீகல்ல, அதத்தான் சொன்னேன்."

அவர் போனைக் கீழே வைத்தார். "தலைவரு குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. முத்திருளன் ஓட்டுனாத்தான் நான் கண்ணசருவேன்னாரு."

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான், வெட்கங்கெட்ட சந்தோஷம். கடைசியாகத் தேடியது தன்னை. மாலை போடுகிறவனுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்ததா? அடுத்த மூச்சில்தான் அந்த சிக்னல் கண்முன் வந்தது. லாரிக்குப் பின்னால் தான் இடம் விட்டு நிறுத்தியிருக்கக்கூடிய வண்டியும் வந்தது.

"இம்புட்டு நாளா ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க உசுரோட இருப்பீகளா? அந்தத் தம்பி கேதத்துக்கு வந்தப்பவே, முத்திருளன் அண்ணனுக்குத் தெரிய வேணாம்க்கா, நான் கோர்ட்டுல சமாளிச்சுக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

முத்திருளன் காகிதத்தை மடித்து வைத்தார். இந்தப் பெருந்தன்மையும் அந்தப் பயலுக்குத்தானா வாய்க்கவேண்டும் என்று அவருக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.