ஏழு நிமிடப் பாட்டு

சயந்தன் ஹெட்ஃபோனை மேசையில் வைத்ததும் ஜசிந்தா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எழுபதுகளின் ஃபங்க், சோல் பாட்டுகளைத் தேடியெடுத்துத் திரும்பவும் இசைத்தட்டாகப் போடும் சின்ன ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. கொழும்பில் யாரோ வீட்டு அலுமாரிக்குள் கிடந்த ஒலிநாடா இப்போது அவனுடைய மடிக்கணினிக்குள் இருந்தது. அதற்காகவே பான் நகரில் இருந்து கொலோனில் ஜசிந்தாவின் வீட்டுக்கு வந்திருந்தான்.

"அந்த நாளையிலை வந்த இசைத்தட்டிலை நாலு நிமிஷம்தான் அன்ரி. நாடாவிலை ஏழு நிமிஷம் இருக்கு. ஆனா நாலாவது நிமிஷத்திலை ஓர்கன் நிண்டுபோகுது. மாமா ஏன் நிப்பாட்டினவர்?"

ஓர்கன் வாசித்த தவராசா அவனுடைய தாய்மாமன். அவன் பிறக்க முன்னமே காணாமல் போனவர். இந்தப் பாட்டுப் பதிவான அன்று, மறிக்க மறிக்கக் கேளாமல் அவராகவே வெளியே போனார் என்றுதான் ஜசிந்தா அவன் தாய் பவளத்துக்கு இத்தனை வருடமும் சொல்லிவந்தாள். பவளமும் நம்பினாள். நத்தாருக்கு நத்தார் கிறிஸ்மஸ் கேக் செய்து ஜசிந்தாவுக்கு அனுப்புகிறவள்.

எழுபத்தேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவர நாட்கள். ஹோட்டலில் வாசிக்கிற ஐந்து பேர், ஜன்னல் இல்லாத ஒரு ஒலிப்பதிவு அறை. ஜசிந்தாவுக்கு இருபது வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வளர்ந்த தமிழ்ப் பெண், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பாட்டும் சிங்களப் பாட்டுத்தான். பாதியில் தெருவில் கூச்சல் கேட்டது. கண்ணாடி உடைந்தது. யாரோ கதவில் தடியால் அடித்தார்கள். பேஸ் கிற்றார் வாசித்த நிமல் வாசிப்பை விடாமலே தலையை ஆட்டினான்: நிறுத்தாதே, பாடு. சிங்களப் பாட்டு கேட்கும்வரை உள்ளே வரமாட்டார்கள். அவள் பாடினாள். குரல் கீறிக் கீறி வந்தது. தவராசாவுக்குச் சிங்களம் வராது. கதவு திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"மைக்குக்குத் தள்ளி ஆரோ தமிழிலை கதைக்கினம், அன்ரி," என்றான் சயந்தன். "எனக்கு விளங்கேல்லை. நாளைக்கு அம்மாவுக்குப் போட்டுக் காட்டப் போறன். அதுக்கு முதல் உங்களிட்டைக் கேட்பமெண்டு வந்தனான்."

வேண்டாம் என்று சொல்ல ஜசிந்தா வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

ட்ரம்ஸ். பேஸ். அவளுடைய அந்த வயதுக் குரல். பிறகு இரண்டு வரிகளுக்கு நடுவில், அதே குரல், மூச்சோடு மூச்சாக:

"பின்பக்கத்தாலை போங்கோ. நீங்கள் நிண்டா எல்லாரும் சாவம்."

ஓர்கன் நின்றது. ஒரு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. உடனே அவள் குரல் பாட்டுக்குத் திரும்பியது, முன்னையைவிட உரத்து.

"என்ன சொல்லுகினம் அதிலை?"

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"நாளைக்கு நானும் வாறன் தம்பி. அம்மாவுக்கு நானே சொல்லுறன்."

"ஏன் அன்ரி, என்ன விசயம்?"

கழற்றி வைத்த ஹெட்ஃபோனுக்குள் பாட்டு சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் மூன்று நிமிடம். பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்திருந்த சயந்தனின் கால், அவனுக்குத் தெரியாமலே, மேசைக்குக் கீழே தாளம் போட்டது.