கதவிடுக்கில் நீலச் சால்வை

மன்றத்தின் கதவைச் சாத்துவது எங்கள் குடும்பத்து வேலை. தாத்தா, அப்பா, பிறகு நான். வாக்கெடுப்புக்குத் தலைவர் மணி அடித்ததும் இரண்டு கதவையும் சாத்தித் தாழிட வேண்டும். எண்ணி முடியும்வரை யாருக்காகவும் திறக்கக் கூடாது. உள்ளே யார் எதற்குக் கை தூக்கினார் என்பது எங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வெளியே போனதில்லை. அந்த நாணயத்துக்குத்தான் ஊர் எங்களுக்கு வணக்கம் சொல்கிறது.

என் மகளோ அந்தத் தாழ்ப்பாளையே ஒழிக்கக் கிளம்பியவள். நாம் அனுப்பியவர் நமக்கு என்ன செய்கிறார் என்று நாம் பார்க்க வேண்டாமா, வாக்கெடுப்பு திறந்த கதவோடு நடக்கட்டும், அரசியல் சட்டத்தைத் திருத்துங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்தத் திருத்தம் வாக்குக்கு வந்த காலையில் நான் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இன்னைக்கு நானும் அங்கதான் இருப்பேன். வாசல்ல."

"இரு. நம்ம குடும்ப மானம் போறத எல்லாரும் பாக்கட்டும்."

"அதத்தாம்ப்பா நாங்களும் கேக்குறோம், எல்லாரும் பாக்கட்டும்னு."

என் மனைவி சிரித்துவிட்டாள். "விடுடி. உங்கப்பாவுக்குத் தொண்டையிலயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கு."

மணி அடித்தது. கூட்டத்தின் முன்னால் அவள். முகம் பார்க்காமல் சாத்தினேன். தாழிட்ட பிறகுதான் கண்டேன்: அவளுடைய நீலச் சால்வையின் முனை இடுக்கில் சிக்கி உள்ளே கிடந்தது.

தடித்த கதவு, சத்தம் நுழையாது. ஆனால் வெளியே கோஷம் எழும்போதெல்லாம் துணி நடுங்கியது. ஓய்ந்தபோது தூங்கும் குழந்தையின் வயிறுபோல மெல்ல அசைந்தது. மேல்ஜன்னல் வெயில் அதன்மேல் விழ, தரையெங்கும் நீலம் தண்ணீராகப் பரவியது. நாற்காலிகளும் தூண்களும் அதில் மிதந்தன. உறுப்பினர்கள் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள்.

"என்னய்யா அது?" என்றார் தலைவர்.

"என் பொண்ணு, ஐயா."

"திறந்து விட்டுடுங்களேன்."

"இன்னும் எண்ணி முடியல, ஐயா."

திறக்கத்தான் விதியில் இடமில்லை. தரையில் கிடந்த முனையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து சின்னதாக ஓர் இழுப்பு வந்தது. நானும் மெல்ல இழுத்தேன்.

கைகள் உயர்ந்தன. யார் யார் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். தலைவர் முடிவை வாசித்தார். தாழை நீக்கினேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

தாத்தா காலத்திலிருந்து சுவரில் சும்மா துருப்பிடித்துக் கிடந்த கொக்கிகளில் இரண்டு கதவையும் அகலத் திறந்து மாட்டினேன். இனி அவற்றைச் சாத்தும் வேலை எனக்கு இல்லை.

"சால்வைய நேரா போட்டுக்கிட்டு உள்ள வா," என்றேன். "நாலு பேர் பாப்பாங்க."