நாற்பது கம்பி

கோகிலவாணியின் சைக்கிள் எங்கள் சைக்கிள் ரிப்பேர் கடை வாசலில் நின்றாலே எனக்கு வயிறு எரியும். தபால்காரி. இண்டூருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பை நிறையத் தபாலும் பார்சலும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஊர் ஊராகச் சுற்றுகிறாள். பின் சக்கரத்தில் கம்பி ஒடியத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும். ஆனால் சொல்லி வைத்தாற்போலப் பத்து நாளைக்கு ஒரு தடவை ரெண்டு கம்பி ஒடியுமா?

"அண்ணா, மறுபடியும் போச்சுங்க" என்று வந்து நிற்பாள். என் வீட்டுக்காரர் அந்தோணி பிரகாஷ் மற்ற நேரம் நான் கூப்பிட்டால் 'உம்' கூடக் கொட்டாத மனுஷன். அவள் வந்தால் மட்டும் எழுந்து, ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போடுவார். "உக்காருங்க மேடம்." கட்டிக்கொண்டு ஆறு வருஷமாகிறது, எனக்கு ஒரு நாள் ஸ்டூல் துடைத்துப் போட்டதுண்டா? அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. ஜன்னலுக்குப் பின்னால் நின்றால் எல்லாம் தெரியும். அவர் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவர் வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒடிந்த ரெண்டு கம்பியை மட்டும் மாற்றி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து அனுப்பிவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓசூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் மூன்று வருஷம் சக்கரம் கட்டியவள். அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்துபோய்விடுவார். இப்படி அடுத்தடுத்து ஒடிந்தால் மிச்சக் கம்பிகளும் நைந்துபோய்விட்டன என்று அர்த்தம். நாற்பது கம்பியையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டிவிட்டால் அவள் வருவது நின்றுவிடுமே. அதனால்தான் கட்டவில்லை என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பிடும்போது ஒரு நாள் கேட்டே விட்டேன். "அந்தத் தபால்காரம்மா சைக்கிளுக்கு எல்லாக் கம்பியும் மாத்திட வேண்டியதுதானுங்களே?"

"உனக்கு எதுக்கு அந்த வேலை? சோத்தப் போடு."

போட்டேன். மறுநாள் குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. அதையும் பேசாமல் தின்றார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் டயர் வாங்க தர்மபுரிக்குப் போயிருந்தார். மத்தியானம் கோகிலவாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை மூன்று கம்பி.

"அண்ணா வூட்ல இல்லீங்களாக்கா?"

"இல்ல. வண்டிய விட்டுட்டுப் போம்மா. சாயங்காலம் வந்து எடுத்துக்க."

அவள் தலை மறைந்ததும் வேலையில் இறங்கினேன். டயரையும் டியூபையும் உருவினேன். செயின் ஓடுகிற பல்சக்கரம், அந்த பிரீவீலைக் கழற்றினேன். கம்பிகளை வெட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் டக்கென்று அறும்போது எனக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். புதுக் கம்பிகளைக் கோத்து, ஒன்றின்மேல் ஒன்றைத் தாண்டவிட்டு, ரிம்மில் மாட்டி முறுக்கினேன். கை எதையும் மறக்கவில்லை. சுற்றிவிட்டால் ரிம் ஒரு நூல்கூட ஆடவில்லை. இனிமேல் இந்தப் பக்கமே வராதே தாயே என்று சொல்லிக்கொண்டு டயரை மாட்டினேன்.

சாயங்காலம் அவள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "சத்தமே இல்லீங்கக்கா. யாருங்க கட்டினது?"

"நான்தான். நாப்பதும் புதுசு."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் தோளில் டயரோடு வந்து நின்றார். குனிந்து பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது நிற்கிற வரைக்கும் பார்த்தார்.

மூன்று வாரம் அவள் வரவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நேற்று வந்தாள். அவள் சைக்கிளுக்கு ஒன்றுமில்லை. கூட இன்னொரு தபால்காரர், கோவிந்தன் என்று பெயர், ஆடுகிற பின் சக்கரத்தோடு நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

"அக்கா இல்லீங்களா? சக்கரம் அவங்கதான் கட்டணும்னு மேடம் சொன்னாங்க" என்றார் கோவிந்தன்.

"நீங்க கட்ட மாட்டீங்களாண்ணா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

இவர் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ரெண்டு மூணு கம்பி மாத்துவேனுங்க. முழுசாக் கட்ட எனக்கு வராது."

ஆறு வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பேனா என்றும் தெரியவில்லை. ஓசூர் கம்பெனிப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் அவர் ஏன் எழுந்துபோவார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

உள்ளே வந்தார். "உன்னத்தான் கேக்குறாங்க" என்றார்.

வெளியே போனேன். பின்னாலேயே வந்து, ஸ்டூலை மறுபடி ஒரு தடவை துடைத்து என் பக்கம் தள்ளினார். "உக்காரு."

நான் அத்தனை நாள் ஏங்கிய ஸ்டூல். உட்கார்ந்து பிரீவீலைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் வீட்டுக்குள் போய் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.