பேட்டரிக்குள் காவேரி

மணியக்காரர் குப்புராஜின் வாசலை மிதித்தாலே முனிராஜுக்குக் குமட்டும். ஊரிலேயே ஒரே ரேடியோ அவரிடம்தான் இருந்தது. அதைப் பூஜை அறையில் சாமி படங்களுக்கு நடுவே வைத்து, மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி வந்தார். கேட்க வருகிறவன் முற்றத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். துண்டு தோளில் கிடந்தால் காதில் விழாதா? சீ!

அந்தப் பெட்டி பேசுவதே முனிராஜின் தயவில். லாரிப் பட்டறையில் வேலை கற்றவன் அவன். ஓட்டை லாரி ஒன்றின் டைனமோவைக் கழற்றி, வேப்பங்கட்டையில் இறக்கை செதுக்கிப் பூட்டி, தொப்பூர் கணவாய்க்கு மேலே கரட்டு உச்சியில் கம்பம் நட்டுச் சுற்றவிட்டிருந்தான். ஆடிக் காற்றுக்கு அந்தக் காத்தாடி இரண்டு நாளில் ஒரு பேட்டரியை நிரப்பிவிடும். பேட்டரியைச் சும்மாட்டின் மேல் வைத்துக் கரடு ஏற்றி இறக்குகிறவள் அவன் தங்கை காசியம்மாள். வழிந்த ஆசிட் பட்டு அவள் சேலையெல்லாம் ஓட்டை.

அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புருஷன் தர்மன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போய், எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பும் சேதியை ரேடியோவில் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரு வெள்ளியையும் அவள் விட்டதில்லை.

ஆடிப் பதினெட்டு அந்த வருஷம் புதன்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் நிரம்பிய பேட்டரியை மணியக்காரர் வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை முற்றம் கொள்ளாத கூட்டம். மணியக்காரர் குமிழைத் திருகினார். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

"என்னடா முனிராஜு, உன் காத்தாடி வெறுங்காத்தையா ரொப்பி அனுப்புச்சு?" என்றார். கூட்டம் சிரித்தது.

முனிராஜ் பேட்டரியின் மூடியைத் திருகி முகர்ந்தான். நெடியே இல்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்தான். பச்சைத் தண்ணீர்.

"இதுல இருந்த ஆசிட் எங்கீங்க?"

"அந்த நாத்தம் புடிச்ச தண்ணியா? சாமி ரூமுக்குள்ள அதை வெக்கலாமாடா? கொல்லையில ஊத்திட்டேன். பதினெட்டுக்கு ஒகேனக்கல்லுல முழுகிட்டு ஒரு கொடம் காவேரி கொண்டாந்தேன். மூணு அறையிலயும் என் கையாலயே ரொப்பியிருக்கேன்." பேட்டரிக்கு மோட்சமே வாங்கிக் கொடுத்துவிட்ட மிதப்பு அந்த முகத்தில்.

கொல்லையில் கறிவேப்பிலைச் செடி கருகி நின்றது. முனிராஜ் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். இதெல்லாம் ஒரு மனுசன்! கழுத்தைப் பிடித்து உலுக்கலாம். ஆனால் ரேடியோ அவருடையதாயிற்றே. காசியம்மாள் அந்த ஊமைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"இந்நேரம் படிச்சிக்கிட்டு இருப்பாங்க, இல்லண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் முனிராஜ் கணவாயில் இறங்கினான். போன வாரம் பள்ளத்தில் கவிழ்ந்த லாரி அங்கேயே கிடந்தது. காவலுக்கு இருந்த டிரைவரைக் கெஞ்சி, அதன் பேட்டரியில் சிந்தாமல் மிஞ்சியிருந்த ஆசிட்டைச் சீசாவில் வடித்தான். உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. மணியக்காரர் வீட்டுப் பேட்டரியைக் கரட்டுக்குச் சுமந்துபோய், யாரிடமும் சொல்லாமல் காவேரியைக் கீழே கொட்டி, ஆசிட்டை ஊற்றி, நான்கு நாள் அங்கேயே காவல் கிடந்தான். காற்று உறுமியது. யாருக்காக இந்தப் பாடு? அந்தத் தொப்பைக்காகவா? வரும் வெள்ளியன்று ஊர் நடுவில் வைத்து அந்த ஆளின் மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தானே பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினான். பெட்டி கணீரென்று பேசியது.

"பாத்தீங்களா? காவேரி உள்ள போனதும் குரலே மாறிப்போச்சு!" என்றார் மணியக்காரர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முனிராஜ் இடுப்புத் துண்டை உருவினான். "யோவ்..." என்று வாயைத் திறந்தான்.

"தருமபுரி தாலுகா தர்மன், மனைவி காசியம்மாளுக்கு..." என்றது பெட்டி.

காசியம்மாள் அவன் கையைப் பாய்ந்து பிடித்தாள். வெந்த கை. வலி உச்சந்தலைக்கு ஏறியது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"...காயம் ஆறிவிட்டது. சுகமாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்."

அவள் எழுந்தாள். நேராகப் போய் மணியக்காரரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "உங்க புண்ணியமுங்க! காவேரித் தாயி என் தாலியக் காப்பாத்திட்டா!"

அண்ணன்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் காலிலா? போயும் போயும் அந்தக் காலிலா?

மணியக்காரர் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை எல்லோருக்கும் வார்த்தார். "நீயும் ஒரு வாய் புடிடா."

காசியம்மாள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறான். இந்தச் சிரிப்பில் எப்படி மண்ணை அள்ளிப் போடுவது? வெந்த உள்ளங்கையை நீட்டி வாங்கினான். வாயில் ஊற்றிக்கொண்டான். விழுங்க முடியவில்லை. அதக்கிக்கொண்டே தெருவுக்கு வந்து காறித் துப்பினான்.

"டேய் முனிராஜு, அடுத்த வெள்ளிக்கும் ரொப்பிக் கொண்டாந்துடு!" என்றது உள்ளிருந்து குரல்.

முனிராஜ் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சரிங்க" என்றான்.