துங்குவின் தட்டில் ஒரு முள்

"கொஞ்சம் பொறுங்க லா, இமாம். அசருக்கு மாத்திக்கலாமான்னு கேட்டுச் சொல்றேன்" என்று ஹஸ்ருல் நடைவழியில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே தகப்பனாரின் மையத்தைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டாகிவிட்டது. வீட்டார் பார்ப்பதற்காக முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்கள். ஷாஹிரா அத்தாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. விடிவதற்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. குழியும் தயார். இனி எதற்கு மாலை அசர் தொழுகை வரை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது.

வெளியே போய் அண்ணனின் எதிரே நின்றாள்.

"யாருண்ணே வர்றாங்க?"

"இஸ்தானாவுல இருந்து. காலையில மெசேஜ் போட்டேன். ஆள் வருதுன்னு பதில் வந்திருக்கு."

"எந்த ஆளு? எப்ப வருது?"

"அதெல்லாம் சொல்லல."

"சொல்லவே மாட்டாங்க" என்றாள் ஷாஹிரா.

இஸ்தானா என்றால் அரண்மனை, துங்கு என்றால் இளவரசர். எந்த மாநிலத்து அரண்மனை, எந்தத் துங்கு என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். இந்தத் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவு போதும். இவர்களின் அத்தா ஜபருல்லா ஒரு காலத்தில் அந்தத் துங்குவின் செல்லப்பிள்ளை. அதற்கு முன்பு ஜார்ஜ்டவுனில் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையின் அடுப்படியில் நின்றவர். ஒரு நாள் அந்தக் கடைக்குத் துங்கு சாப்பிட வந்தார். தெருபோக் மீன் கேட்டார். முள்ளுக்குப் பேர்போன மீன் அது. இளவரசராக இருந்தால் மட்டும் முள் விட்டுவிடுமா? அவர் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த ஜபருல்லா கையைக் கழுவிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், முள்ளை நீக்கிச் சதையை மட்டும் உதிர்த்து வைத்தார். துங்கு தட்டைக் காலி செய்துவிட்டு, "நாளைக்கே என்னிடம் வந்துவிடு" என்றாராம்.

சமையலுக்குப் போனவர் கொஞ்ச நாளிலேயே துங்குவுக்கு எல்லாமும் ஆகிவிட்டார். இன்றைக்குத் துங்குவைப் பார்க்கலாமா, முகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஜபருல்லாவைத்தான் கேட்க வேண்டும். பட்டம் வாங்கிய பெரிய பெரிய டத்தோக்கள் அவர் வீட்டுக் கூடத்தில் டுரியான் பழக் கூடையும் கையுமாகக் காத்துக் கிடந்தார்கள். ஹஸ்ருல் பள்ளிக்கூடத்துக்கு இஸ்தானா காரில் போய் இறங்கினான். காரிலிருந்து இறங்கினானே தவிர, அந்தப் பெருமையிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை. துங்குவின் பிறந்தநாளுக்கு ஜபருல்லாவுக்கே டத்தோ பட்டம் என்று பேச்சு அடிபட்டது. முதல் நாள் விருந்து, மறுநாள் பட்டம். அம்மா ரொஸ்னா அதற்கென்று புது பாஜு கூடத் தைத்து வைத்தாள்.

அந்த விருந்தில்தான் எல்லாம் கவிழ்ந்தது. இஸ்தானா மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. துங்கு முதல் கவளத்தை எடுக்கும் வரை வேறு யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. அவர் கை கழுவிவிட்டால், பாதிப் பசியில் இருந்தாலும், எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு வேறு அரண்மனைகளிலிருந்தும் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பின்னால் நின்றுகொண்டிருந்த ஜபருல்லாவின் கண்ணில் துங்குவின் தட்டில் கிடந்த ஒரு முள் பட்டது. தினமும் செய்வதைத்தான் அவர் செய்தார். குனிந்து, துங்குவின் தட்டுக்குள் கையை விட்டு, முள்ளை எடுத்தார். எதிரே இருந்த விருந்தாளி ஒருவர், "ஊட்டிவிடவும் ஆள் வைத்திருக்கிறீர்களா?" என்று சிரித்தார். துங்கு உடனே கை கழுவினார். மண்டபமே சாப்பாட்டை நிறுத்தியது. மறுநாள் ஜபருல்லாவுக்கு இஸ்தானா கேட் திறக்கவில்லை.

டத்தோக்கள் வருவது நின்றது. டுரியானும் நின்றது. ஜபருல்லா பாயான் பாருவில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, ஒரு தொழிற்சாலை கேண்டீனில் கரண்டி பிடித்தார். யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் கைப்பேசியை மட்டும் அணைக்கவே மாட்டார். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் போவார். ஒவ்வொரு பெருநாளும் காலையிலேயே பாஜு போட்டு, சொங்கோக் தொப்பி வைத்து, சோபாவில் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நேற்றும் ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது தண்ணீர் அல்ல, சார்ஜர்.

"அத்தாவுக்கு இது மரியாதை, ஷாஹிரா" என்றான் ஹஸ்ருல். "ஒரு ஆளு வந்து நின்னாப் போதும். ஊரு பாக்கட்டும்."

"உசுரோட இருந்தப்ப காக்க வச்சது பத்தாதா? மையத்தையும் காக்க வைக்கணுமா?"

"நீ சின்னப்புள்ள, உனக்கு அந்த நாளெல்லாம் தெரியாது."

"அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் எனக்குத்தான் தெரியும். நீ கோலாலம்பூர் போயிட்ட. நான் அவரு கூடவே இருந்தேன்."

ஹஸ்ருலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அத்தாவைப் பெரிய மனிதராகவே அனுப்பி வைக்க ஆசைப்பட்டான். வாசல்வரை வந்து நின்ற ரொஸ்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லுஹருக்கே தூக்குங்க" என்றாள்.

லுஹருக்கே தூக்கினார்கள். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டி லிஃப்டுக்குள் நுழையாததால் படிவழியாகச் சுமந்து இறக்கினார்கள். ஷாஹிரா மேலே நடைவழிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கேண்டீன் ஆட்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். ஒரு டத்தோவும் இல்லை. வேன் கிளம்பியதும் அவள் உள்ளே வந்து, சுவரில் சார்ஜில் கிடந்த அத்தாவின் கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தாள். அணைத்த பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. எதிர்வீட்டு ஹுஸ்னா சோறும் கெம்போங் மீன் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அடக்கம் முடித்து ஹஸ்ருல் திரும்பி வந்து, பாயை விரித்துத் தட்டுகளை வைத்த நேரத்தில் வாசலில் சலாம் கேட்டது. வயதான மலாய்க்காரர் ஒருவர், வெறுங்கையோடு, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். துங்குவின் பழைய ஓட்டுநர் பாக் ஹைருல். ஹஸ்ருலைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர் அவர்தான்.

பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்து நெரிசலாம். நேரே கபுரஸ்தானுக்கே போய் துஆ ஓதிவிட்டு வருவதாக மலாயில் சொன்னார். இஸ்தானா கார் இல்லை, தன் சொந்தக் கார். சத்தமில்லாமல் அப்படிப் போகச் சொன்னதே துங்குதான் என்றார். ஹஸ்ருல் தங்கையை ஒரு பார்வை பார்த்தான். ஷாஹிரா தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாமோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"உக்காருங்க, சாப்பிடுங்க" என்று ரொஸ்னா மலாயில் சொன்னாள். அவர் பாயில் உட்கார்ந்தார். அவருக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, அத்தனை வருஷத்தில் வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்காததை அவள் கேட்டாள்.

"துங்கு நல்லா சாப்பிடுறாரா?"

பாக் ஹைருல் கறிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"சாப்பிடுகிறார். மீன் மட்டும் இல்லை. ஜபர் போன பிறகு அந்த மேசைக்கு மீன் வந்ததே இல்லை."

"வேண்டாம்னு சொல்லிட்டாரா?"

"சொல்லவில்லை. ஒருநாள் சமையல்காரன் முள் எடுத்தே கொண்டுவந்தான். திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு யாரும் வைக்கவில்லை."

ரொஸ்னாவின் தட்டில் மீன் அப்படியே கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் கையால் முள் எடுத்ததில்லை. கேண்டீனிலிருந்து எவ்வளவு களைத்து வந்தாலும் ஜபருல்லாதான் எடுத்து வைப்பார்.

ஷாஹிரா கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தட்டுக்குள் கையை விட்டு, மீனைப் பிளந்து, நடுமுள்ளை உருவி ஓரத்தில் வைத்தாள். பிறகு சின்ன முட்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அத்தாவின் விரல்களுக்கு இருந்த வேகம் அவளுக்கு வரவில்லை. நேரம் ஆனது.

"நீங்க சாப்பிடுங்க, பாக். ஆறிடும்" என்றான் ஹஸ்ருல்.

பாக் ஹைருல் தலையை மட்டும் அசைத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆனாலும் கை மடியிலேயே இருந்தது. ரொஸ்னா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போனது.